செபமாகிய இசை: மேரி லூ வில்லியம்ஸ் அம்மையார்

காலைத் திருப்பலிக்கு ஆர்மோனியம் வாசிக்கும் மகளைப் பார்த்து, இந்த வாசிப்பெல்லாம் தேர்வுக்கு உதவுமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. மேடை ஏறிப் பாடினால் பிள்ளையின் பக்தி குறைந்துவிடுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. இதே அச்சம் தமக்கே வந்து, மூன்று ஆண்டுகள் தம் பியானோவை மூடி வைத்த ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு நம் மலரில் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் மேரி லூ வில்லியம்ஸ். அமெரிக்க நாட்டுக் கறுப்பினப் பெண்மணி. ஜாஸ் இசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஆண்களே நிறைந்திருந்த அக்குழுக்களுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர். பின்னாளில் நம் பள்ளியைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக நின்று, அம்மாணவியரைக் கொண்டே தம் முதல் திருப்பலி இசையைப் பாட வைத்தவர்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கும் இளைய வகுப்பு மாணவியருக்காகச் சில சொற்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோர் வளர்த்த இசை அது. பருத்தி வயல்களில் பாடிய துயரப் பாட்டும், கோவில்களில் பாடிய பக்திப் பாட்டும், வீதிகளில் முழங்கிய பேண்டு வாத்தியமும் ஒன்றாகக் கலந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உருப்பெற்றது. மெட்டு ஒன்றுதான், அதை வாசிப்பவர் அந்தந்த நேரத்தில் தம் கற்பனைக்கு ஏற்ப விரித்துக்கொண்டே போவார். நம் வித்துவான்கள் கற்பனை ஸ்வரம் பாடும்போது ராகத்திற்குள்ளேயே புதிது புதிதாகக் கட்டுவார்கள் அல்லவா, ஏறத்தாழ அதைப் போன்றது. 1930-களின் நடுவிலிருந்து பத்தாண்டுக் காலம் பன்னிரண்டு, பதினைந்து கலைஞர் கொண்ட பெரிய குழுக்கள் நடன மண்டபங்களையும் வானொலியையும் ஆண்டன. அக்காலத்தையே பெருங்குழுக் காலம் என்கிறார்கள். நம் கதைக்குரியவர் புகழ் பெற்றது அப்போதுதான்.

1910-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மேரி எல்பிரீடா ஸ்க்ரக்ஸ். தாயார் வர்ஜீனியாவுக்கு இசையில் பற்று அதிகம். ஓய்வு கிடைத்த போதெல்லாம், காலால் மிதித்துக் காற்றேற்றி வாசிக்கும் ஆர்கன் பெட்டியின் முன் அமர்ந்துவிடுவார். நம் பழைய கோவில்களில் உள்ள கால் ஆர்மோனியத்திற்கு அது அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை மேரி தாயின் மடியிலேயே இருப்பாள். மூன்று வயதளவில் ஒருநாள், தாய் வாசித்து முடித்த மெட்டைக் குழந்தை தன் சின்ன விரல்களால் அப்படியே திரும்ப வாசித்துவிட்டது. திடுக்கிட்ட தாய், குழந்தையை நழுவ விட்டுவிட்டு அண்டை வீட்டாரைக் கூப்பிட ஓடினாராம்.

அதன்பின் அத்தாய் செய்த முடிவு விந்தையானது. மகளுக்கு ஆசிரியர் யாரையும் அமர்த்தப் போவதில்லை என்று உறுதி செய்தார். ஏனெனில், தாம் ஏட்டைப் பார்த்துப் படித்ததனால், ஏடு இல்லாமல் வாசிக்கும் திறமையை இழந்துவிட்டதாக அவர் எண்ணினார். அதற்குப் பதிலாக நல்ல கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொல்வார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். நம் இசை ஆசிரியைகள் இதைப் படித்து மனம் வருந்த வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத குறையைப் பின்னாளில் மேரி எவ்வளவு உழைத்துத் தீர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் போகிறோம்.

மேரிக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் வடக்கே பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. இரும்பு ஆலைகளும் புகையும் நிறைந்த ஊர். அங்கே அவர்கள் குடியேறிய தெருவில் வெள்ளையர் பலர் இருந்தனர். கறுப்பினக் குடும்பம் பக்கத்தில் வந்ததைப் பொறாமல் வீட்டின் மீது செங்கல் எறிந்தனர். ஆனால் அந்த வீட்டிலிருந்து பியானோ ஒலி வரத் தொடங்கியதும் கற்கள் மெல்ல நின்றன. எறிந்தவர்களின் வீடுகளிலிருந்தே, விருந்துக்கு வந்து வாசிக்கும்படி சிறுமிக்கு அழைப்பு வந்தது. ஆறேழு வயதிலேயே அவள் வாசித்துச் சம்பாதித்த காசு குடும்பத்தின் அடுப்பை எரிய வைத்தது. ஈஸ்ட் லிபர்ட்டி என்னும் அப்பகுதியில் சின்னப் பியானோக்காரி என்றே அவளுக்குப் பெயர். மெல்லன் என்னும் பெரும் வங்கிக் குடும்பத்தாரின் விருந்துகளிலும் அவள் வாசித்ததுண்டு. குழந்தை உழைத்து வீடு உண்பது நல்லதா என்று கேட்டால் நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வறுமை அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

அந்நாள்களில் ஒரு காட்சி அச்சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. பிட்ஸ்பர்க் நாடக அரங்கு ஒன்றில் லவ்வி ஆஸ்டின் என்ற பெண் கலைஞரைப் பார்த்தாள். சுற்றிலும் ஆண்கள். நடுவில் பியானோவின் முன் அப்பெண். இடக்கையால் பியானோ வாசித்துக்கொண்டே, வலக்கையால் அடுத்த பாட்டிற்கான இசையைத் தாளில் எழுதிக்கொண்டும், தலையசைப்பால் குழுவை நடத்திக்கொண்டும் இருந்தார். வாயில் ஒரு சிகரெட்டும் இருந்ததாம். அதை மட்டும் நம் மாணவியர் மறந்துவிடலாம். ஒரு பெண்ணால் இப்படியும் முடியும் என்பதை மேரி அன்றுதான் கண்ணாரக் கண்டாள். தானும் அவ்வாறே ஆவதென்று உறுதி பூண்டாள்.

பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. பதினைந்து வயதுக்குள்ளாகவே ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவோடு பயணம் புறப்பட்டார். அங்கே ஜான் வில்லியம்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞரைச் சந்தித்து மணந்தார். கணவருக்கு ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு குழுவில் வேலை கிடைத்தது. ஆண்டி கர்க் என்பவர் தலைமை ஏற்ற பிறகு, மகிழ்ச்சியின் பன்னிரண்டு மேகங்கள் என்ற பொருள் தரும் பெயரோடு 1929-ல் அது கேன்சஸ் நகரத்திற்கு வந்து சேர்ந்தது. அக்குழுவில் ஏற்கனவே பியானோ வாசிக்க ஒருவர் இருந்தார். எனவே மேரிக்கு இடமில்லை. கூட வந்த மனைவி சும்மா இருக்க வேண்டுமே! டல்சா நகரில் இருந்தபோது, இறந்தோரைக் கல்லறைக்கு எடுத்துச் செல்லும் வண்டியை ஓட்டிச் சில காலம் பிழைத்தார். குழுவினரின் காரையும் ஓட்டினார். மண்டபத்தில் கூட்டம் களைகட்டாதபோது மட்டும், வெளியே காரில் காத்திருந்த அவரை உள்ளே அழைத்து இரண்டொரு பாட்டு வாசிக்கச் சொல்வார்கள்.

இசைத்தட்டுப் பதிவு ஒன்றிற்குப் பழைய பியானோ கலைஞர் வராமல் போகவே, மேரி உட்கார்ந்து வாசித்தார். கேட்டவர்களுக்கு அதன்பின் வேறொருவர் வாசிப்புப் பிடிக்கவில்லை. 1930-ல் சிக்காகோவில் அவர் தனியாக வாசித்த இரண்டு மெட்டுகள் இசைத்தட்டாக வந்தன. அத்தட்டுக்காகவே பதிவு நிறுவனத்தார் மேரி லூ என்ற பெயரைச் சூட்டினர், அதுவே நிலைத்துவிட்டது. தட்டு நன்றாக விற்றது. ஆனால் உரிமைத் தொகையாக ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை. கணக்குக் கேட்கத் தெரியாத இளம் பெண், அதிலும் கறுப்பினப் பெண்!

இப்போது அவருடைய பெரிய சாதனைக்கு வருவோம். இசைக்குழுவில் பாடுபவரையும் வாசிப்பவரையும் கூட்டம் பார்க்கிறது. ஆனால் எந்தக் கருவி எப்போது நுழைய வேண்டும், டிரம்பெட்டுகள் கேள்வி கேட்டால் சாக்ஸபோன்கள் எப்படி விடை சொல்ல வேண்டும், எந்த இடத்தில் எல்லோரும் ஓய்ந்து ஒருவரை மட்டும் தனியே பேச விட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துத் தாளில் எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டம் பார்ப்பதில்லை. வீட்டில் சமைத்தவரை விருந்தினர் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். மேரி லூவின் உள்ளத்தில் இசை பெருகிக்கொண்டிருந்தது, எழுதத்தான் தெரியவில்லை. முதலில் அவர் வாசித்துக் காட்ட, கர்க் எழுதிக்கொண்டார். பிறகு, கர்க்கிடமே எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு, தாமே எழுதக் கற்றுக்கொண்டார். தவறாக எழுதியதைக் கலைஞர்கள் வாசிக்க முடியாமல் சிரிப்பார்கள். வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி வருவார்.

சில ஆண்டுகளில் அக்குழுவின் உயிர்நாடியே அவர்தான் என்றாயிற்று. சாக்ஸபோன் வரிசையோடு ஒரு டிரம்பெட்டையும் சேர்த்துப் பாட வைத்து, அதுவரை எவரும் கேளாத ஒரு குரலை உண்டாக்கினார். 1936-ல் வந்த நடையும் ஆட்டமும் என்ற பொருள்படும் உருப்படி இவ்வகையில் சிறந்தது என்பர். அவரைப் பற்றியே ஒரு பாட்டைக் கட்டி அக்குழு இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவையே ஆட்டுவிக்கும் அம்மையார் என்று அதில் அவருக்குப் பட்டம். கிளாரினெட் மன்னர் பென்னி குட்மன், ஏர்ல் ஹைன்ஸ், டாமி டார்சி முதலிய பெருங்குழுத் தலைவர்கள் அவரிடம் இசை எழுதி வாங்கினர். 1937-ல் குட்மனுக்காக அவர் எழுதிய ரோல் எம் என்ற உருப்படி நாடெங்கும் ஒலித்தது. தமக்கு மட்டுமே எழுத வேண்டும் என்று குட்மன் கேட்டபோது அவர் இசையவில்லை. ஓர் இரவில் ஐந்நூறு மைல் வரை கூட அவர்கள் காரில் பயணம் செய்வதுண்டு. மற்றவர்கள் உறங்கும்போது கைவிளக்கின் ஒளியில் மேரி லூ எழுதிக்கொண்டே போவார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தாருக்கு உணவு விடுதியிலும் தங்கும் விடுதியிலும் இடம் கிடையாது. உலகமே ஆடிய அந்த இசையின் பாதிப் பகுதி இப்படிப் பட்டினியோடும் தூக்கக் கலக்கத்தோடும் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓயாத பயணத்தாலும் குழுவுக்குள் எழுந்த பூசலாலும் மனம் சலித்து 1942-ல் அவர் அக்குழுவை விட்டு விலகினார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. பின்னர் ஹரால்டு பேக்கர் என்ற டிரம்பெட் கலைஞரோடு நடந்த திருமணமும் நீடிக்கவில்லை. நியூயார்க் நகரில் கஃபே சொசைட்டி என்னும் விடுதியில் வாசித்தார். வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே கூடத்தில் சமமாக அமர்ந்து கேட்கலாம் என்பது அவ்விடுதியின் தனிச் சிறப்பு. வானொலியிலும் வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்தினார். 1945-ல் ராசி மண்டலம் என்ற பொருளில் பன்னிரண்டு உருப்படிகள் கொண்ட பெரிய இசைக்கோவை ஒன்றை இயற்றினார். ராசி என்றதும் நம் சகோதரிகள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தந்த ராசியில் பிறந்த தம் இசை நண்பர்களை மனத்தில் நிறுத்தியே அவற்றை எழுதினார். மறு ஆண்டில் அதன் சில பகுதிகள் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் பெரிய மேல்நாட்டு வாத்தியக் குழுவோடு அரங்கேறின.

ஹார்லெம் பகுதியில் இருந்த அவருடைய வீடு இரவு முழுவதும் திறந்தே இருக்கும். தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸி கில்லஸ்பி போன்ற இளங்கலைஞர்கள் வேலை முடிந்து அங்கே கூடுவார்கள். புதிதாக எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுவார்கள். ஜாஸ் இசையில் பெரும் புரட்சி செய்த தலைமுறை அது. அவர்களைவிட மூத்தவரான மேரி லூ அவர்களைக் கண்டு முகம் சுளிக்கவில்லை; சோறும் போட்டார், திருத்தமும் சொன்னார், தாமும் அவர்களிடம் கற்றுக்கொண்டார்.

புகழுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளத்தில் அமைதி இல்லை. அந்த இளைஞர்களில் பலர் போதை மருந்துக்கு அடிமையாகித் தேய்ந்துகொண்டிருந்தனர். மேரி லூவுக்குச் சூதாட்டப் பழக்கம் தொற்றிக்கொண்டது. 1952-ல் இங்கிலாந்து சென்றார், அங்கிருந்து பாரிஸ். எங்கும் கைதட்டல். 1954-ல் பாரிஸில் ஓர் இரவு, இரவு விடுதியின் நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நடந்துவிட்டார். கையில் சங்கீதப் புத்தகத்தை எடுத்தார். அவ்வாண்டு முடிவில் அமெரிக்கா திரும்பினார். பியானோவைத் தொடவில்லை.

இந்த மூன்று ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் சொல்ல விரும்புகிறோம். அவர் வீட்டுக்கு அருகில் லூர்து மாதா ஆலயம் ஒன்று இருந்தது. எந்நேரமும் திறந்திருக்கும் கோவில் என்பதனாலேயே அவர் அங்கு நுழைந்தார். அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். மணிக்கணக்காக அமர்ந்து செபிப்பார். தாம் அறிந்தோர், இறந்தோர், துன்புறுவோர் எல்லோருடைய பெயரையும் நீண்ட பட்டியலாக எழுதி வைத்து ஒவ்வொருவருக்காகவும் வேண்டுவார். 1955 மார்ச்சில், அவர் நன்கறிந்த சார்லி பார்க்கர் என்ற மாபெரும் சாக்ஸபோன் கலைஞர் 34 வயதிலேயே மாண்டபோது அவர் துயரம் இன்னும் பெருகியது. போதைக்கு அடிமையான கலைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துச் சமைத்துப் போட்டு, கோவிலுக்கும் அழைத்துச் செல்வார். சிலர் தேறினர், சிலர் அவர் பொருளையே எடுத்துக்கொண்டு ஓடினர். மற்றொரு பக்கம், தாம் இரவு விடுதிகளில் வாசித்த இசை முழுதும் வீண், பாவம் என்று ஓர் எண்ணம் அவரைப் பிடித்து ஆட்டியது. கடவுளுக்குரியவளாக வேண்டுமானால் ஜாஸைக் கைவிட்டாக வேண்டும் என்று எண்ணினார்.

இந்த இடத்தில் அவருக்கு வேறு மாதிரியான ஆலோசகர் வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்தியுள்ள பெண், கேளிக்கை இசையை விட்டுவிட்டேன் என்கிறார். மிக நல்லது என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது எளிது. அவருக்கு வழிகாட்டிய குருக்கள் அவ்வாறு செய்யவில்லை. டிஸி கில்லஸ்பி தென் அமெரிக்கப் பயணத்தில் கண்டு பழகிய தந்தை ஜான் குரோலி ஒருவர். நியூயார்க்கில் இயேசு சபைத் தந்தை அந்தோனி உட்ஸ் மற்றொருவர். வாசிப்பதையே பிறருக்கான செபமாக ஒப்புக்கொடுக்கலாம் என்று அவர்கள் எடுத்துரைத்தனர். கடவுள் தந்த கொடையைப் புதைத்து வைப்பது அவருக்குச் செய்யும் சேவை ஆகாது என்றும் புரிய வைத்தனர். தாலந்துகளின் உவமை நாம் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் நாற்பத்தைந்து வயதைக் கடந்து, தம் வாழ்நாள் உழைப்பைக் குற்றம் என்று எண்ணி அழுதவருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

1957 மே மாதத்தில், கில்லஸ்பியின் மனைவி லொரைனும் மேரி லூவும் தந்தை உட்ஸிடம் மறைக்கல்வி பெற்றுத் திருச்சபையில் சேர்ந்தனர். இரண்டே மாதத்தில், ஜூலையில், நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கில்லஸ்பியின் பெருங்குழுவோடு மேடையேறி மேரி லூ மீண்டும் வாசித்தார். ராசி மண்டல இசையின் சில பகுதிகளும் அன்று ஒலித்தன. மூடியிருந்த பியானோ திறந்தது.

செபத்தோடு செயலும் வளர்ந்தது. நலிந்த கலைஞர்களுக்கு உதவ பெல் கான்டோ என்ற அறநிலையத்தைத் தொடங்கினார். அதற்குப் பொருள் சேர்க்க, பழைய துணிமணிகளையும் பொருள்களையும் விற்கும் கடை ஒன்றை ஹார்லெமில் திறந்து தாமே நின்று விற்றார். கார்னகி அரங்கில் வாசித்த கைகள் பழந்துணி மடித்துக்கொண்டிருந்தன. கணக்கு வழக்கில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. கடையில் வந்ததைக் காட்டிலும் அவர் கைப்பணம் போனதே அதிகம்.

1962 மே மாதம் 6-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர், பெரு நாட்டு மார்ட்டின் தெ போரஸ் அவர்களைப் புனிதராக உயர்த்தினார். கையில் துடைப்பத்தோடும் காலடியில் நாய், பூனை, எலியோடும் நாம் படத்தில் காணும் அதே புனிதர்தான். லீமா நகரில் இஸ்பானியத் தந்தைக்கும் விடுதலை பெற்ற கறுப்பினத் தாய்க்கும் பிறந்து, நிறத்தால் தாழ்த்தப்பட்டு, சாமிநாதர் சபை மடத்தில் துப்புரவுப் பணியும் நோயாளர் பணியும் செய்தவர். செங்கல் எறிந்த தெருவில் வளர்ந்த மேரி லூவுக்கு அப்புனிதரின் மீது தனிப் பற்று ஏற்பட்டதில் வியப்பில்லை. அவர் புகழாகப் பாடகர் குழுவுக்கென ஒரு கீதம் இயற்றினார். சொற்களைத் தந்தை உட்ஸ் எழுதினார். ஆண்டிஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து என்பது அதன் பெயர். அவ்வாண்டு நவம்பரில் புனிதரின் திருநாளையொட்டி நியூயார்க்கில் புனித சவேரியார் ஆலயத்தில் அது பாடப்பட்டது. நடன மண்டபத்தில் பிறந்த சுரங்கள் கோவிலின் தூண்களிடையே ஒலித்தன. எல்லோரும் மகிழ்ந்தனர் என்று சொன்னால் அது பொய். விடுதி இசைக்குப் பீடத்தருகே என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தனர். நம் ஊர்களிலும் திருப்பலியில் கித்தாரும் டிரம்மும் முதன்முதல் வந்தபோது பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நமக்கு நினைவிருக்கிறது.

காலமும் மாறிக்கொண்டிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் தத்தம் மொழியில் செபிக்கவும், அந்தந்த மக்களின் இசை மரபு வழிபாட்டில் இடம்பெறவும் வழி திறந்தது. நாம் தமிழில் திருப்பலி காண்பதும் அதனால்தான். பிட்ஸ்பர்க் ஆயர் ஜான் ரைட் அவர்கள் இசையார்வம் மிக்கவர். மேரி லூவின் தூண்டுதலால் 1964-ல் மறைமாவட்ட இளையோர் அமைப்பின் ஆதரவில் அந்நகரில் ஜாஸ் விழா நடந்தது. பிறகு ஆயரின் அழைப்பின் பேரில், சிறுமியாய் வாசித்துத் திரிந்த அதே ஊரில், சீட்டன் உயர்நிலைப் பள்ளியில் மேரி லூ இசை ஆசிரியையானார். கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி அது. 1975-ல் புனிதர் பட்டம் பெற்ற எலிசபெத் சீட்டன் அன்னையின் பெயரைத் தாங்கியது.

வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று நினைத்தாலே நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. இசை இலக்கணம் சொல்லித் தரத் தொடங்கியதும் மாணவியர் கொட்டாவி விட்டனர். (நம் வகுப்பிலும் நடப்பதுதான்.) உடனே ஆசிரியை இலக்கணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, திருப்பலியின் பாடல்களுக்கு ஜாஸ் மெட்டில் இசை எழுதத் தொடங்கினார். கொஞ்சம் எழுதுவார், மாணவியர் பாடிப் பார்ப்பார்கள், மேலும் கொஞ்சம் எழுதுவார். உறங்கிய வகுப்பு விழித்துக்கொண்டது. இவ்வாறு உருவானதே அவருடைய முதல் திருப்பலி இசை. 1967-ல் பிட்ஸ்பர்க் புனித சின்னப்பர் பேராலயத்தில் அது இறைவனுக்குக் காணிக்கையாகப் பாடப்பட்டது.

1968-ல் தவக்காலத்திற்கென இரண்டாவது திருப்பலி இசை எழுதினார். ஹார்லெமில் புனித தோமையார் ஆலயத்தில் அது பாடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர் நினைவாகவும் சிறுவர் பாடுவதற்குப் பாடல் அமைத்தார். அடுத்த ஆண்டு உரோமை சென்றார். நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீடக் குழுவைச் சேர்ந்த பேரருட்திரு ஜோசப் கிரெமில்லியன் அவர்கள், உலக அமைதிக்காக ஒரு திருப்பலிக்கு இசை அமைக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அதுவே பின்னர் விரிவடைந்து மேரி லூவின் திருப்பலி என்று பெயர் பெற்றது. 1971-ல் ஆல்வின் எய்லி என்ற புகழ்மிக்க நடனக் கலைஞர் அதற்கு நடனம் அமைத்தார். 1975-ல் நியூயார்க்கின் புனித பத்திரிக் பேராலயத்தில் அத்திருப்பலி நிறைவேறியபோது மூவாயிரம் பேர் கூடினர். அப்பேராலயத்தில் ஜாஸ் இசையோடு திருப்பலி நடந்தது அதுவே முதன்முறை. மேரி லூ பியானோவின் முன் அமர்ந்திருந்தார்.

அக்காலத்தில் அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்டவர் ஓர் இயேசு சபைக் குருவானவர், தந்தை பீட்டர் ஓபிரையன். குருமாணவராய் இருந்தபோது 1964-ல் பத்திரிகை ஒன்றில் மேரி லூவைப் பற்றிப் படித்துத் தேடி வந்தவர் அவர். இரவு விடுதியின் வாயிலில் குருவானவர் ஒருவர் நின்று நிகழ்ச்சி ஏற்பாடு பேசியதைக் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ!

1977-ல் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகம் அவரைத் தன் கலைஞராக அமர்த்திக்கொண்டது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். அவர் வகுப்பில் இடம் பிடிக்க மாணவர் போட்டியிட்டனர். ஜாஸின் வரலாற்றை விளக்க அவர் ஒரு மரத்தின் படத்தை வைத்திருந்தார். டேவிட் ஸ்டோன் மார்ட்டின் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தது. அம்மரத்தின் வேரில் துன்பம் என்று எழுதியிருக்கும். அடிமரத்தில் பக்திப் பாடல்கள், அதற்கு மேலே ஒவ்வொரு காலத்து இசையும், கிளைகளில் கலைஞர்களின் பெயர்களும். தம் நாளில் ஜாஸின் வேரை மறந்து போனவையென்று அவர் கருதிய இசை வகைகளுக்கு, இலையில்லாத பட்ட கிளைகளைத்தான் கொடுத்திருந்தார். அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானது என்பது நம் எண்ணம். ஆனால் வேரைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க யாருக்கும் உரிமையில்லை.

புற்றுநோய் கண்டது. படுக்கையில் இருந்தபோதும் புதிய இசை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1981-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், 71-ஆம் வயதில், டர்ஹம் நகரில் இறையடி சேர்ந்தார். முந்திய ஆண்டிலேயே, சிறுவர் சிறுமியர் தேர்ந்த கலைஞரிடம் ஜாஸ் கற்பதற்கென ஓர் அறக்கட்டளையைத் தம் பெயரில் நிறுவியிருந்தார். தம் தாய் கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்ததை அவர் மறக்கவில்லை போலும்.

அடக்கத் திருப்பலி நியூயார்க்கில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் நடந்தது. காருக்குள் காத்திருந்த பெண்ணை அன்று மேடைக்கு அழைத்த ஆண்டி கர்க் முதுமைக் கோலத்தில் வந்திருந்தார். பென்னி குட்மன் வந்திருந்தார். டிஸி கில்லஸ்பியும் வந்திருந்தார். பிறகு உடலைப் பிட்ஸ்பர்க் நகருக்குக் கொண்டு சென்று, அங்குள்ள கல்வாரிக் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தனர்.